தொட்டியை மாற்றுவோம், பழக்கத்தையும் மாற்றுவோம்

(திருப்பனந்தாளில் நம் அறக்கட்டளைக் குடியிருப்பின் குடிநீர் அமைப்பைப் புதுப்பிப்பது குறித்து நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



அஸர் தொழுகை முடிந்த கையோடு இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ். மஃரிபு பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடுகிறேன்.

போன ஐப்பசி மழையில் நம் குடியிருப்பில் 11 பிள்ளைகளுக்கு ஒரே வாரத்தில் வயிற்றுப்போக்கு கண்டது. அவர்களில் ஒரு பிள்ளையைக் கும்பகோணத்தில் சேர்த்து 4 நாள் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருந்தது. அல்லாஹ்வின் கிருபையால் எல்லாப் பிள்ளைகளும் தேறிவிட்டார்கள். முதலில் ஒரு வீட்டு வலீமா சாப்பாட்டைக் குறை சொன்னோம். பிறகுதான் தண்ணீரை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினோம். கடைசி வரிசை வீட்டுக் குழாயில் கோலிஃபார்ம் கிருமி இருந்தது. குளோரின் துளியும் இல்லை. இரும்பு அளவுக்கு மேல் இருந்தது. பாவம், அந்த வலீமா வீட்டாரிடம் நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

இன்னொரு மன்னிப்பை உங்கள் எல்லோரிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. 2016இல் இதே கூடத்தில், தண்ணீர்ப் பராமரிப்புக்கு வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்கலாம் என்று ஒரு சகோதரர் சொன்னார். எழுந்து மறுத்தவன் நான்தான். “தர்மத்துக்கு விட்ட தண்ணீருக்குக் காசு வாங்குவதா?” என்று கேட்டேன். கூட்டத்தில் பலரும் மாஷா அல்லாஹ் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. பம்ப் அறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் அதற்கு அடுத்த வருடம் மவுத்தானார். அவர் இடத்தில் ஆள் போட நம்மிடம் பணம் இல்லை. மோட்டாரை யார் கை வைத்தாலும் ஓடும் என்று விட்டுவிட்டோம். மோட்டார் ஓடியது. மற்ற எல்லாம் நின்றுபோயின.

எது நின்றுபோனது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் 21 லட்சம் ரூபாயை எதற்குச் செலவழிக்கப் போகிறோம் என்பது விளங்கும்.

நம் போர் தண்ணீர் மேலே வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும். குடத்தில் பிடித்து ஒரு மணி நேரம் வைத்தால் பழுப்பேறும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால் சாயம் கறுத்துப்போகும். வெள்ளைக் கைலி நாலு சலவையில் மஞ்சளாகும். பூமிக்குள் கரைந்திருக்கும் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாக மாறுவதால் வருகிற வினை இது. அதனால்தான் அந்தக் காலத்திலேயே நம் பெரியவர்கள் தண்ணீரைத் தட்டுத் தட்டாக விழவைத்துக் காற்றுப் படச் செய்து, பிறகு மணல் ஃபில்டரில் விட்டார்கள். துரு மணலில் தங்கிவிடும். தங்கிய துருவை வாரம் இரண்டு முறை, தண்ணீரைக் கீழிருந்து மேலாகத் திருப்பி விட்டு அலச வேண்டும். அந்தப் பெரியவர் தவறாமல் செய்துவந்தார். அவருக்குப் பிறகு யாரும் செய்யவில்லை. மணல் கட்டிபட்டுத் தண்ணீர் இறங்காமல் போனதும், யாரோ ஒருவர் ஃபில்டரைச் சுற்றிக்கொண்டு நேரே தொட்டிக்குப் போகும் வால்வைத் திறந்துவிட்டார். தண்ணீர் வேகமாக வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

இரும்பு தொட்டிக்குள் போனால் என்ன ஆகும்? நாம் போடும் பிளீச்சிங் பவுடரை முதலில் இரும்பு தின்றுவிடும். ஒரு பங்கு இரும்புக்கு அரைப் பங்குக்கும் மேல் குளோரின் செலவாகும். மிச்சம்தான் கிருமியைக் கொல்ல வேண்டும். மிச்சமே இல்லையென்றால், பவுடர் போட்ட திருப்தி மட்டும்தான் நமக்கு.

அடுத்தது குழாய். நாம் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் விடுகிறோம். மீதி நேரமெல்லாம் குழாய் வெறுமையாகக் கிடக்கிறது. வெறும் குழாய் இழுக்கும். இணைப்பில் சிறு கசிவு இருந்தால் போதும், வெளியே தேங்கி நிற்பது உள்ளே வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் நம் ஊரில் எங்கே தோண்டினாலும் தண்ணீர். மண்ணியாறு நிரம்பி, வாய்க்கால் நிரம்பி, செப்டிக் டேங்கும் நிரம்பி நிற்கிற நாட்கள் அவை. 30 வருடக் குழாய், அதை ஒட்டிச் சாக்கடை. குளோரின் இருந்திருந்தால் உள்ளே வந்ததைத் தடுத்திருக்கும். அதுவும் இல்லை. பிள்ளைகள் படுத்தது இப்படித்தான்.

தொட்டியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 30,000 லிட்டர் கான்கிரீட் தொட்டி. கீழே நின்று பார்த்தாலே கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்தால் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். இரண்டு முறை சிமென்ட் பூசினோம். பூச்சுக்குள்ளே துரு நிற்கவில்லை. பொறியாளர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, அதன் அடியில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள் என்று சொல்லிப் போனார். கயிறு கட்டியிருப்பது அதற்காகத்தான். கிரிக்கெட் ஆடும் தம்பிகள் தயவுசெய்து கயிற்றைத் தாண்ட வேண்டாம்.

இந்த இடத்தில் மார்க்க விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: “நிறம் மாறவில்லை, ருசி மாறவில்லை, வாடை இல்லை. இந்தத் தண்ணீர் சுத்தம்தானே?” நல்ல கேள்வி. நாம் மதரஸாவில் ஓதிய சட்டம் அதுதான். பெருந்தண்ணீரில் அசுத்தம் விழுந்து நிறமோ ருசியோ வாடையோ மாறவில்லை என்றால் அதில் உளூச் செய்யலாம். ஆனால் அந்தச் சட்டம் தொழுகைக்கான சுத்தத்தைப் பற்றியது. குடித்தால் நோய் வருமா என்பது வேறு கேள்வி. கிருமிக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உளூவுக்குக் கூடுகிற தண்ணீர் குடிப்பதற்குக் கூடாமல் போகலாம். பள்ளிவாசல் ஹவுளில் உளூச் செய்கிறோம். அதையே மொண்டு பிள்ளைக்குப் பால் கலக்குவோமா? மாட்டோம். இதை நம் வீட்டுப் பெண்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள்.

பழசானதால் எல்லாம் கெட்டது என்று சிலர் சொல்கிறார்கள். வயதும் ஒரு காரணம்தான். ஆனால் நம் மாவட்டத் தலைநகரைப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட சேவப்ப நாயக்கர் ஓர் ஏரி வெட்டினார். மழைநீர் அந்த ஏரியில் நின்று வண்டல் படியும். தெளிந்த நீர் பூமிக்கடியில் குழாய் வழியாகப் பெரிய கோயிலை அடுத்த சிவகங்கைக் குளத்துக்கு வரும். அங்கிருந்து ஊருக்குள் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் போகும். தெளியவைப்பது ஓரிடம், சேமிப்பது ஓரிடம், பங்கிடுவது ஓரிடம். இன்றைக்குப் பொறியாளர் நமக்கு வரைந்து கொடுத்த படமும் அதுதான். தலைமுறை தலைமுறையாகத் தஞ்சைக்காரர்கள் அந்தத் தண்ணீரைக் குடித்தார்கள். பின்னால் குழாய்த் தண்ணீர் வந்தது. ஏரியைச் சுற்றி வீடுகள் வந்தன. வழி அடைத்தது. கல்லும் காரையும் அப்படியே இருக்க, பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் அந்த அமைப்பு செத்தது. சில ஆண்டுகளுக்கு முன் மாநகராட்சி பழைய நிலத்தடி வழியைத் தேடித் தூர்வாரியபோது, அய்யன்குளத்துக்கு மறுபடி தண்ணீர் வந்தது. தூர் எடுத்ததும் வழி பிறந்தது.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று நம் வரலாற்றில் இருக்கிறது. ஹாரூன் ரஷீதின் மனைவி சுபைதா அம்மையார் ஹஜ்ஜுக்குப் போனபோது, மக்காவில் ஹாஜிகள் தண்ணீருக்குப் படும் பாட்டைக் கண்டார். ஹுனைன் பள்ளத்தாக்கிலிருந்து மலையைக் குடைந்து வாய்க்கால் கொண்டுவரச் செய்தார். ஐனு சுபைதா என்று ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது ஆயிரம் ஆண்டுக்கு மேல் தண்ணீர் தந்தது. ஒரே முறை கட்டியதாலா தந்தது? வெள்ளம் வரும், மண் மூடும், வாய்க்கால் வறண்டுபோகும். ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் மறுபடி எடுத்துச் செய்தார். 16ஆம் நூற்றாண்டில் சுல்தான் சுலைமானின் மகள் மிஹ்ரிமா பெரும் பொருள் செலவிட்டுப் பழுது பார்க்கச் செய்தார். சுபைதாவின் பெயர் நிலைத்தது; பெயர் போடாத ஆயிரக்கணக்கானோர் மண் அள்ளியதால் நிலைத்தது.

அணைக்கரை நமக்குப் பக்கத்து ஊர். 1836இல் ஆர்தர் காட்டன் கட்டிய கீழணை அங்கே இருக்கிறது. அங்கே திரும்பும் கொள்ளிடத் தண்ணீர் வடவாறு வழியாக வீராணம் போகிறது. லால்பேட்டை மதரஸாவுக்குப் போகும்போது அந்த ஏரிக்கரையில்தான் போவோம். 2004 முதல் வீராணத்துத் தண்ணீரை வடக்குத்தில் சுத்திகரித்து, 200 கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் சென்னைக்குக் கொண்டுபோகிறார்கள். நாளொன்றுக்கு 18 கோடி லிட்டருக்காக அமைத்த திட்டம். நம் வாசலில் ஓடும் தண்ணீரைச் சென்னைப் பிள்ளை சுத்தமாகக் குடிக்கிறது. ஆற்றங்கரையில் இருக்கிற நம் பிள்ளைக்கு 20 லிட்டர் கேன் வாங்குகிறோம். அங்கே அதைக் கவனிக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. தினமும் சோதிக்கிறார்கள். இங்கே 48 வீட்டில் ஒருவரும் இல்லை.

ஆள் இருந்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. கனடா நாட்டில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். ஏறக்குறைய 5,000 பேர். நம்மைப் போலவே கிணற்றுத் தண்ணீர், விவசாயம், மாடுகள். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணக் கழிவு ஆழமில்லாத ஒரு கிணற்றில் இறங்கியது. 2,300 பேருக்கு மேல் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பணக்கார நாடு. குளோரின் கருவியும் இருந்தது, சம்பளத்துக்கு ஆளும் இருந்தார்கள். விசாரித்தபோது என்ன தெரிந்தது? தினமும் குளோரினைச் சோதிக்க வேண்டியவர்கள், சோதிக்காமலே நோட்டில் ஓர் எண்ணை எழுதிவந்திருக்கிறார்கள். வருடக்கணக்கில் எழுதியிருக்கிறார்கள். ஊரில் ஒருவரும் அந்த நோட்டைப் புரட்டிப் பார்க்கவில்லை.

ஆகவே நிர்வாகக் குழு உங்கள் முன் வைக்கும் திட்டம் இது.

முதலில் ஃபில்டர். தட்டுகளைப் புதிதாக அமைத்து, மணலை முழுவதும் மாற்றி, சுற்றிப் போகும் அந்த வால்வை அடியோடு எடுத்துவிடுகிறோம். இனி அவசரத்துக்கும் ஃபில்டரைத் தாண்டித் தண்ணீர் போகாது.

இரண்டாவது, பழைய ஒரு தொட்டிக்குப் பதில் 20,000 லிட்டர் தொட்டிகள் இரண்டு. நம் 48 வீட்டில் 240 பேர் என்று வைத்தால், தலைக்கு 135 லிட்டர் கணக்கில் நாளைக்கு 32,400 லிட்டர் தேவை. “ஒரே லட்ச லிட்டர் தொட்டியாகக் கட்டிவிடலாமே, எதிர்காலத்துக்கு உதவுமே” என்று சில தம்பிகள் கேட்டார்கள். தண்ணீர் இரண்டு மூன்று நாள் தேங்கினால் குளோரின் போய்விடும். இரண்டு தொட்டியாக இருந்தால் ஒன்றைக் கழுவும்போது மற்றது ஓடும். கழுவுவதற்காகத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை. நிறுத்த மனமில்லாமல்தான் இத்தனை நாள் கழுவாமல் விட்டோம். இரண்டு தொட்டிக்கும் மூடி, பூட்டு. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை வேங்கைவயலில் பட்டியலின மக்களின் குடிநீர்த் தொட்டிக்குள் மலம் கலந்த கொடுமையை நாடே பார்த்தது. தொட்டி மூடி திறந்து கிடப்பது சின்ன விஷயமில்லை.

மூன்றாவது, குழாய். சாக்கடைக்கு ஒட்டிப் போகும் வரிசையை விட்டுவிட்டு, எதிர்ப் பக்கமாகப் புதுக் குழாய். வேலை நடக்கும் காலத்தில் இரண்டு வரிசைக்கு நடுவில் தற்காலிகமாக சின்டெக்ஸ் டேங்க் வைக்கிறோம். புதுத் தொட்டியில் தண்ணீர் ஓடி, சோதனை முடிவும் வந்த பிறகுதான் பழைய தொட்டியை இடிப்போம்.

ஆர்.ஓ. பிளான்ட் போடலாமே என்று பலர் கேட்கிறீர்கள். உப்புத் தண்ணீருக்குத்தான் ஆர்.ஓ. வேண்டும். நம் அறிக்கையில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கிறது. நமக்கு இருக்கும் குறைகள் இரும்பும் கிருமியும். இரண்டுக்கும் மணலும் குளோரினும் போதும். ஆர்.ஓ. வைத்தால் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே விட வேண்டியிருக்கும். ஆற்றோரம் உட்கார்ந்து உளூச் செய்தாலும் வீணாக்காதே என்று நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

செலவு: தொட்டிகள் 12 லட்சம், ஃபில்டரும் குளோரின் கருவியும் 3 லட்சம், குழாய் 5 லட்சம், பழையதை இடிப்பது 1 லட்சம். அறக்கட்டளையிடம் 9 லட்சம் இருக்கிறது. மதிப்பீட்டுத் தாள்களை அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்; படித்துப் பார்த்துக் கேள்வி கேளுங்கள். ஜகாத் பணத்தை இதில் சேர்க்கவில்லை. அது ஏழையின் கையில் சேர வேண்டிய பணம்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க் குடும்பம் ஒன்று, மறைந்த அத்தாவின் பேரில் 12 லட்சம் தர முன்வந்தது. தொட்டியில் பெயர் பொறிக்க வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களிடம் உட்கார்ந்து பேசினேன். ஹிதாயாவில் நாங்கள் ஓதிய பாடத்தைச் சொன்னேன்: வக்பு சொத்தின் வருமானத்தில் முதல் செலவு அதன் பழுது பார்ப்பதற்கு, கொடுத்தவர் அப்படி எழுதி வைக்காவிட்டாலும் அதுதான் முதல். தொட்டிக்கு 6 லட்சம் கொடுங்கள். மீதி 6 லட்சத்தில் கடைத்தெருவில் நம் இடத்தில் ஒரு கடை கட்டிக்கொடுங்கள், அந்தக் கடை வாடகை என்றென்றைக்கும் இந்தத் தண்ணீருக்கே என்றேன். வட்டிக்குப் பணம் போட நமக்கு வழியில்லை. வாடகைக்கு வழி இருக்கிறது. சிறிது நேரம் யோசித்துவிட்டு அந்தப் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். பெயரும் வேண்டாம் என்றார்கள். தொட்டியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அரசுத் தொட்டிகளில் எழுதுவது போல, ‘சுத்தம் செய்த நாள்’, ‘அடுத்து சுத்தம் செய்யும் நாள்’ என்று எழுதப்போகிறோம். அத்தாவின் கபுருக்கு அந்தத் தேதிகள் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.

ஆக 9 லட்சம், 6 லட்சம் போக, இன்னும் 6 லட்சம் வேண்டும். அதை இந்தக் கூட்டத்தில் கேட்கிறேன்.

இனிப் பராமரிப்பு. வீட்டுக்கு மாதம் 100 ரூபாய். 48 வீட்டுக்கு 4,800. கடை வாடகை 4,000 வரும். மொத்தம் 8,800. பம்ப் பார்க்கும் ஆளுக்கு 6,000. பவுடருக்கும் சோதனைக்கும் 800. மிச்சம் 2,000 மோட்டார் பழுதுக்கும், பின்னால் மணல் மாற்றுவதற்கும் தனிக் கணக்கில் சேரும். 35 ரூபாய் கேன் ஒன்றுவிட்டு ஒருநாள் வாங்கும் வீட்டுக்கு மாதம் 525 ரூபாய் ஆகிறது. கொடுக்க முடியாத வீடுகள் உண்டு. அவர்கள் யாரென்று எனக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அவர்கள் குழாய் ஒருநாளும் அடைபடாது. தெரு ஓரச் சுவரில் இருக்கும் குழாயும் அப்படியே இருக்கும். நடவுக்கு வரும் பெண்களும் சாலையில் போகிற எவரும் அதில் குடிப்பார்கள். உஸ்மான் (ரலி) ரூமா கிணற்றை விலைக்கு வாங்கி மக்களுக்கு விட்டார்கள் என்று குத்பாவில் கேட்டு வளர்ந்த நாம் அந்தக் குழாயை அடைக்க முடியாது.

கடைசியாக நோட்டு. ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். கரைத்து, தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் கழித்துத்தான் தண்ணீர் திறக்க வேண்டும். பிறகு கடைசி வீட்டுக் குழாயில் குளோரோஸ்கோப் வைத்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பது பம்ப் ஆளின் வேலையாக மட்டும் இருக்கக் கூடாது. மாதம் இரண்டு வீடு முறை வைத்து, சகோதரிகள் பார்த்து எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இரண்டு நிமிட வேலை. மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்த்து, வந்த எண்ணை எழுத வேண்டும். நிறம் வராவிட்டால் பூஜ்யம் என்றே எழுதுங்கள். பூஜ்யம் எழுதியதற்காக யாரையும் ஏச மாட்டோம். பார்க்காமல் எழுதிய எண்ணுக்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், இங்கேயும் மறுமையிலும். நோட்டு பள்ளிவாசல் வாசலில் தொங்கும். செருப்பைக் கழற்றும்போது ஒரு பார்வை பாருங்கள்.

தொட்டி கழுவும் தொழிலாளர் பற்றி ஒரு வார்த்தை. மூடியைத் திறந்து நன்றாகக் காற்றோட விட்ட பிறகே ஒருவர் உள்ளே இறங்க வேண்டும். மேலே இன்னொருவர் நிற்க வேண்டும். கூலியை அன்றைக்கே கொடுக்க வேண்டும்.

2016இல் நான் தண்ணீருக்குக் காசா என்று கேட்டேன். தண்ணீர் அல்லாஹ் தருவது. அதற்கு யாரும் காசு கேட்கவில்லை. அதை நம் வாய்வரை சுத்தமாகக் கொண்டுவருகிற மணலுக்கும் பவுடருக்கும் ஓர் ஆளின் உழைப்புக்கும்தான் கேட்கிறோம். அன்றைக்கு மாஷா அல்லாஹ் வாங்கிய அதே வாயால் இன்றைக்கு இதைச் சொல்கிறேன். ஏற்றுக்கொள்ளுங்கள்.

சம்மதமானவர்கள் போகும்போது வாசலில் இருக்கும் தாளில் வீட்டு எண்ணை எழுதிக் கையெழுத்திடுங்கள். சம்மதமில்லாதவர்கள் காரணத்தை எழுதுங்கள். வீட்டுக்கு வந்து பேசுகிறேன். மழை தொடங்க இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அடுத்த ஐப்பசியில் நம் பிள்ளைகளில் ஒருவர்கூடப் படுக்காமல் இருக்க அல்லாஹ் கிருபை செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.